வகுப்பறையில் மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்வு: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

அறிவியல் ஆசிரியை, தேனி:
தாளும் புத்தகமும் சோதனையை ஆசிரியர்கள் பலரும் செய்து காட்டியிருப்பீர்கள். புத்தகத்தின் மேல் அதைவிடச் சிறிய தாளை வைத்துக் கீழே விட்டால், இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொடும். ஒன்பதாம் வகுப்பில் அதைச் செய்தபோது, "புத்தகம்தான் தாளை இழுத்துக்கொண்டு போகிறது, டீச்சர்" என்று ஒரு மாணவி மறுத்தாள். நான் வாய் திறப்பதற்குள், அதிகம் பேசாத கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து வந்து, அந்தத் தாளை இறுகக் கசக்கி உருண்டையாக்கி, ஒரு கையில் அதையும் மறுகையில் புத்தகத்தையும் உயர்த்திப் பிடித்து ஒரே நேரத்தில் விட்டான். இரண்டும் சேர்ந்தே விழுந்தன. "இப்போது எது இழுத்தது?" என்று அவளிடம் கேட்டான். 1971-இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் காற்றில்லாத நிலவில் சுத்தியலையும் இறகையும் விழவிட்ட செய்தியை நான் சொன்னபோது, வகுப்பே அசையாமல் கேட்டது. அதே பையன் காலாண்டுத் தேர்வில் தேர்ச்சி பெறவில்லை. இதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒரு மாணவியின் தாய், ஈரோடு:
ஆவியாதல் என்றால் என்ன என்ற வினாவுக்கு, "வெயில் இல்லாவிட்டாலும் ஈரத்துணி காய்கிறது, நீர் கொதிக்காமலே ஆவியாவதுதான் காரணம்" என்று என் மகள் எழுதியிருந்தாள். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. விசாரித்தபோது, "பதில் சரிதான், ஆனால் இந்த வரி புத்தகத்தில் இல்லையே" என்றார்கள். அடுத்த தேர்வில் புத்தக வரியை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். இரவில் துணி எப்படிக் காய்கிறது என்று கேட்டேன். "அது பரீட்சைக்கு வராது, அம்மா" என்றாள்.

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், தஞ்சாவூர்:
தேனி ஆசிரியையின் வருத்தம் புரிகிறது. ஆனால் மனப்பாடத்தைக் குற்றவாளியாக்குவதை நான் ஏற்கவில்லை. ஒன்பதாம் வாய்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் சட்டென நிறுத்தி, "பதினெட்டு, இருபத்தேழு, முப்பத்தாறு எல்லாவற்றிலும் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதுதான் வருகிறது, ஏன் சார்?" என்று கேட்டான். வாய்பாடு நாவில் இருந்ததால்தான் அந்த ஒழுங்கு அவன் கண்ணில் பட்டது.

ஈரோட்டுச் சகோதரிக்கு ஒன்று சொல்வேன். விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள், ஏதாவது ஒரு விடையைச் சுட்டி, "இது சரியென்று உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். "புத்தகத்தில் இருக்கிறது" என்று சொன்னால், புத்தகம் எழுதியவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். எந்தச் சோதனைக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று தான் நினைப்பதைக் குழந்தை எழுதி வைக்கட்டும். நினைத்தது தவறும்போது திட்டாதீர்கள். பாடப்பகுதியை முடிக்க ஓடிக்கொண்டிருக்கும் ஆசிரியரால் ஒவ்வொரு பிள்ளையிடமும் இதைச் செய்ய இயலாது. வீட்டில் இயலும்.

தனிப்பயிற்சி ஆசிரியர், மதுரை:
ஐயா, வாய்பாடு குறித்து நீங்கள் சொன்னது உண்மை. ஆனால் சுமையை வீட்டின் மீது ஏற்றுவது சரியல்ல. பள்ளிப் படிப்பே இல்லாத பெற்றோரின் பிள்ளைகள் என்னிடம் பலர் படிக்கிறார்கள். மனப்பாட முறையிலிருந்து கற்றலை விடுவிக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே கூறியது. 2018-இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்து, பாடத்தின் உள்ளிருந்தும் வினாக்கள் கேட்கப்பட்டபோது, இனி பிள்ளைகள் புரிந்து படிப்பார்கள் என்று உளமார நம்பினேன். உள்வினாக்களையும் அவற்றின் விடைகளையும் தொகுத்த நகல் ஒன்று விரைவிலேயே கைக்குக் கை மாறியது. மாணவர்கள் அதையும் வரி விடாமல் ஒப்பித்தார்கள். "எப்படித் தெரியும்?" என்ற உங்கள் கேள்விக்கு எந்தத் தேர்வில், யார் மதிப்பெண் தருவார்கள், ஐயா?