கலைச்சொல் விவாதம்: ‘நிலையான வன மேலாண்மை’யா, ‘வளங்குன்றாக் காடோம்பல்’ஆ?

அன்புள்ள குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘sustainable forest management’ எனப்படும் கருத்துக்குத் தமிழில் எந்தச் சொல்லை வைப்பது என்று பேசும் இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: நிலையான வன மேலாண்மை, நிலைபேறான வன முகாமைத்துவம், பேண்தகு காட்டு மேலாண்மை, வளங்குன்றா வன மேலாண்மை. நான்குமே எங்காவது புழக்கத்தில் இருப்பவைதான். அப்படியிருக்க, சென்ற மடலில் நான் ‘காடோம்பல்’ என்று ஐந்தாவதாக ஒன்றை நுழைத்தது ஏன் என்று இழையைத் தொடங்கிய அம்மையார் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம். 1713-இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் சுரங்க நிர்வாகியாக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெள்ளிச் சுரங்கங்களுக்கு முட்டுக்கொடுக்கவும் உலைகளை எரிக்கவும் மரம் வேண்டும். சுற்றுவட்டாரக் காடுகளோ மொட்டையாகிக்கொண்டிருந்தன. மரம் தீர்ந்தால் சுரங்கமும் தீர்ந்தது. வளர்கிற அளவுக்குள்தான் வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் மீண்டும் காடு எழ வேண்டும் என்பது அவர் வாதம். ஆக, மரத்தின் தேவையிலிருந்துதான் இந்தக் கருத்தே பிறந்தது. காட்டைத் தொடாமல் வைத்திருப்பது அன்றைய பேச்சிலேயே இல்லை.

அடுத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இது பெரும்பாலும் மரக்கணக்காகவே இருந்தது. ஆண்டுக்கு எத்தனை கன மீட்டர் வளர்கிறது, எத்தனை வெட்டலாம் என்ற கணக்கு. அந்தக் கட்டத்துக்கு ‘நீடித்த விளைச்சல்’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். 1992-இல் ரியோ மாநாட்டில் ஏற்கப்பட்ட காட்டுக் கொள்கைகளும், 1993-இல் ஹெல்சிங்கியில் கூடிய ஐரோப்பிய அமைச்சர்கள் மாநாடு தந்த வரையறையும் பொருளை விரித்தன. உயிர்ப்பன்மை, விளைதிறன், மீண்டெழும் ஆற்றல், காட்டின் நலம், அது சமூகத்துக்கும் சூழலுக்கும் பொருளாதாரத்துக்கும் செய்யும் பணிகள் எல்லாம் உள்ளே வந்தன. 2007-இல் ஐ.நா. பொதுச்சபை இதை மாறிக்கொண்டும் வளர்ந்துகொண்டும் இருக்கும் கருத்து என்றே குறித்தது. இந்தக் கடைசிக் குறிப்பை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் சொல்லை நான் மறுப்பதற்கு அதுவே காரணம்.

> ‘நிலையான’ என்றால் எல்லோருக்கும் புரிகிறது. புரிகிற சொல்லை விட்டுவிட்டு ஏன் புதிதாகத் தேட வேண்டும்?

புரிகிறதுதான், ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. நிலையான ஆட்சி, நிலையான வருமானம், நிலையான விலை என்கிறோம். எல்லாவற்றிலும் ‘மாறாதது’ என்ற பொருள்தான் முன்னே நிற்கிறது. காலநிலை மாறும் காலத்தில் மாறாத காடு என்று ஒன்று கிடையாது. வெப்பம் ஏற ஏற மர இனங்கள் மலையில் மேல்நோக்கியும், துருவங்களை நோக்கியும் நகர்கின்றன. நேற்று அந்த இடத்துக்குப் பொருந்திய இனம் நாளை பொருந்தாமல் போகலாம்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே பைன் காடுகளில் தீயைப் பல பத்தாண்டுகளாக விடாமல் அணைத்து வந்தார்கள். அதனால் ஏறத்தாழ ஒரே வயதுடைய முதிர்ந்த மரங்கள் பெரும்பரப்பில் நின்றன. குளிர்காலக் கடுங்குளிர்தான் அங்குள்ள மலைப்பைன் வண்டின் புழுக்களைக் கொன்று எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைத்திருந்தது. குளிர்காலங்கள் மிதமானதும் வண்டு பெருகியது. அரிசி மணி அளவுள்ள பூச்சி, மரப்பட்டைக்கு அடியில் குடைந்து, கூடவே கொண்டுவரும் நீலப்பூஞ்சையால் மரத்தின் நீரோட்டத்தையே அடைத்துவிடுகிறது. ஓராண்டுக்குள் இலைகள் செந்நிறமாகிவிடும். கரிமத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த அந்தக் காடுகள் கரிமத்தை வெளிவிடும் காடுகளாக மாறிவிட்டன என்று 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே காட்டை ‘நிலையாக’ வைத்திருந்ததே பாதிச் சிக்கல். பல வயது, பல இனம், இடையிடையே அளவான தீ என்று மாற்றங்களைத் தாங்கும்படி வளர்த்திருந்தால் இழப்பு இவ்வளவு போயிருக்காது. இதைப் படிக்கும் மாணவருக்கு ‘நிலையான’ என்ற அடைமொழி தவறான திசையைக் காட்டிவிடும்.

‘நிலைபேறான’ என்பது இலங்கை வழக்கில் நன்றாக வேரூன்றிய சொல். எடுத்துக்காட்டுகளோடு எழுதிய ஐயாவுக்கு நன்றி. ஆனால் அதிலும் நிலைத்து நிற்பது என்ற பொருளே ஓங்கி ஒலிப்பதால் இதே தயக்கம் எனக்கு இருக்கிறது. ‘பேண்தகு’ என்றால் பேணத்தக்க என்று பொருள். அது காட்டின் இயல்பைச் சொல்கிறதே தவிர நாம் செய்யும் வேலையின் இயல்பைச் சொல்லவில்லை. கூடவே ‘காட்டு’ என்று முன்னொட்டாக வரும்போது காட்டுத்தனம், காட்டுக்கூச்சல் போன்ற சொற்களின் நிழல் அதன்மேல் விழுகிறது. ‘காட்டு மேலாண்மை’ என்று உரக்கப் படித்துப் பாருங்கள்.

எஞ்சுவது ‘வளங்குன்றா’. இதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். குன்றக் கூடாதது எது என்பதை இது நேரடியாகச் சொல்லிவிடுகிறது. வளம் என்றால் வெறும் மரச்சரக்குதானே என்று ஒரு நண்பர் ஐயப்பட்டிருந்தார். மண்வளம், நீர்வளம், உயிர்வளம் எல்லாம் நாம் அன்றாடம் சொல்பவைதானே? இங்கே மண்ணைச் சேர்த்துச் சொல்வது மிகவும் முக்கியம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2020 மதிப்பீட்டின்படி உலகக் காடுகளில் இருக்கும் கரிமம் 662 கிகா டன் (66,200 கோடி டன்). அதில் உயிருள்ள மரஞ்செடிகளில் இருப்பது 44 விழுக்காடு; மண்ணில் இருப்பது 45 விழுக்காடு. மிச்சம் பட்ட மரங்களிலும் சருகிலும். மரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு கனரக வண்டிகளால் ஈரமண்ணை உழப்பினால் கணக்கின் பெரும்பாதியை மறந்தவர்களாவோம். ‘வளம்’ என்ற சொல் அந்த மறதிக்கு இடம் கொடுக்காது.

இனி சொல்லின் இரண்டாம் பாதியான ‘காடோம்பல்’ பற்றி.

> ‘ஓம்பல்’ என்றால் பாதுகாத்தல்தானே? மரம் வெட்டுவதை எப்படி ஓம்பல் என்பீர்கள்?

இந்த இழையில் வந்த மிக வலுவான எதிர்ப்பு இதுதான். பாதுகாப்பு என்ற பொருள் ஓம்பலில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘குடியோம்பல்’ என்ற பழஞ்சொல்லை நினைத்துப் பாருங்கள். அரசன் குடிகளைக் காப்பான், நீதி வழங்குவான், அவர்களிடம் வரியும் கொள்வான். கொள்ளும் வரி குடியை நலிவித்தால் அது ஓம்பல் ஆகாது. எடுத்தலும் காத்தலும் அளவறிதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றன. நாம் தேடும் பொருளும் அதுவே.

வெட்டுதலே எப்படி ஓம்பலாகும் என்பதற்கு வேலைநடக்கும் இடத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். வெப்பமண்டல மழைக்காட்டில் பெரிய கொடிகள் ஒரு மரத்தின் உச்சியிலிருந்து அடுத்த மரத்துக்குத் தாவிப் பின்னிக்கிடக்கும். ஒரு மரத்தைச் சாய்த்தால் அது தனியாக விழாது. கொடிகள் இழுத்து அக்கம்பக்கத்து மரங்களையும் முறித்துக்கொண்டு விழும். பொறுப்பாக வேலை செய்பவர்கள் பல மாதங்களுக்கு முன்பே வந்து, வெட்டப்போகும் மரத்தைச் சுற்றிய கொடிகளை அறுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவை காய்ந்து பிடி விட்டபிறகுதான் மரத்தில் வாள் வைப்பார்கள். சாய வேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவில் முதல் வெட்டு. இளங்கன்றுகள் நிற்கும் பக்கம் விழாதபடி திசை பார்த்து அது அமையும். தடிகளை இழுத்துச் செல்லும் தடத்தை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து, அதைவிட்டு வண்டி விலகாதபடி பார்த்துக்கொள்வார்கள். விதை தரும் தாய்மரங்களுக்குக் குறியிட்டு விட்டுவைப்பார்கள். எடுக்கிற மரத்தின் எண்ணிக்கை அதேதான். ஆனால் சேதமும் வெளியேறும் கரிமமும் கணிசமாகக் குறைகின்றன. இந்த வேலைக்கு ‘ஓம்பல்’ பொருந்தாது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சில இடங்களில் கையே வைக்காமல் விடுவதுதான் ஓம்பல். கரிச்சேற்று நிலத்துக் (செடிகொடிகள் முழுதும் மட்காமல் நீரில் ஊறிக் குவிந்த நிலம்) காடுகளும் மனிதக் கை படாத தொல்காடுகளும் அப்படிப்பட்டவை. கரிச்சேற்று நிலத்தில் நீரை வடித்தாலே போதும், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரிமம் காற்றுக்குப் போய்விடும். (இடையில் ஒரு வேண்டுகோள்: கை படாத காடுகளுக்கு ‘முதுகாடு’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். அழகான சொல்தான், ஆனால் பழைய வழக்கில் அது சுடுகாட்டையும் குறிக்கும். ‘தொல்காடு’ போதும்.)

> ‘மேலாண்மை’ அரசாணை முதல் பாடநூல் வரை நிலைத்துவிட்டது. அதை அசைக்க முடியாது.

அசைக்க வேண்டியதில்லை. அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. உண்மையில் நமக்கு இரண்டு சொற்கள் தேவை; யாரும் இதுவரை இதை எழுப்பவில்லை. காடழிப்பால் வரும் உமிழ்வைக் குறைக்கும் ‘ரெட் பிளஸ்’ திட்டத்தில் ஐந்து செயல்பாடுகள் உண்டு. 2010-இல் கான்கூன் மாநாட்டில் அவை உறுதியாயின. காடழிப்பைக் குறைத்தல், காடு நலிவதைக் குறைத்தல், காட்டுக் கரிம இருப்பைக் காத்தல், காடுகளை வளங்குன்றாமல் மேலாளுதல், கரிம இருப்பைப் பெருக்குதல். நான்காவதைக் கவனியுங்கள். ஆங்கில மூலத்தில் வழக்கமான தொடரின் சொற்களை முன்பின்னாக மாற்றி ‘sustainable management of forests’ என்று வேறொரு தொடராக அமைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது மரம் எடுக்கும் காடுகளின் நடைமுறையைக் குறிக்கிறது. நாம் பேசிக்கொண்டிருக்கும் கருத்து அதைவிட அகலமானது. இரண்டையும் ஒரே தமிழ்த்தொடரால் பெயர்த்தால் ஒப்பந்த ஆவணங்களில் குழப்பம் வரும். அகலமான கருத்துக்கு ‘வளங்குன்றாக் காடோம்பல்’ என்றும், ரெட் பிளஸ் செயல்பாட்டுக்கு ‘காடுகளின் வளங்குன்றா மேலாண்மை’ என்றும் வைத்துக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது.

மேலாண்மை என்ற சொல்லில் மேலிருந்து ஆளும் தொனி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நேபாளத்தில் 1993-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டத்துக்குப் பிறகு காடுகளைப் பயனர் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். இன்று அப்படி 20,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. எந்தப் பக்கம் புல் அறுக்கலாம், எப்போது விறகு எடுக்கலாம், எங்கே இந்த ஆண்டு நுழையக் கூடாது என்று ஊர்க்கூட்டமே முடிவெடுக்கிறது. அந்த வேலைக்கும் நாம் தேர்ந்தெடுக்கும் சொல் பொருந்த வேண்டும் அல்லவா?

மரம் நடுதலையும் இதே சொல்லில் அடக்கலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: கூடாது. அதற்குக் காடாக்கம், மீள்காடாக்கம் என்று தனிச்சொற்கள் உள்ளன. ஏற்கெனவே நிற்கும் காட்டை நடத்தும் விதம்தான் காடோம்பல். 2015 முதல் 2020 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடி ஹெக்டேர் காடு அழிக்கப்பட்டது என்று மேலே சொன்ன உணவு வேளாண்மை அமைப்பின் மதிப்பீடு சொல்கிறது. நட்ட கன்று, வெட்டிய காட்டின் கரிமத்தை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். நடுகிற படம் செய்தித்தாளில் வருவதாலேயே நடுதல்தான் தீர்வு என்ற எண்ணம் பரவியிருக்கிறது. கலைச்சொல்லும் அந்த எண்ணத்துக்குத் துணைபோகக் கூடாது. காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு 2007-ஆம் ஆண்டு அறிக்கையில் சொன்னதும் இதையொட்டியதே: காட்டின் கரிம இருப்பைக் காத்தோ பெருக்கியோ, அதோடு ஆண்டுதோறும் மரமும் நாரும் எரிபொருளும் தரும் வகையில் காட்டை நடத்துவதுதான் நெடுங்காலத்தில் அதிகப் பயன் தரும். இருப்பு குறையாமல் எடுப்பது என்பதே அதன் மையம்.

இலக்கணம் பற்றி இரண்டு வரி. ‘காட்டோம்பல்’ என்று இரட்டிக்க வேண்டாமா என்று கேட்டிருந்தார்கள். காட்டை ஓம்புதல் என்று இரண்டாம் வேற்றுமையில் விரிவதால் இரட்டிக்கத் தேவையில்லை. நாட்டை ஆளும் மன்றத்தை நாடாளுமன்றம் என்றுதானே சொல்கிறோம்! ‘வளங்குன்றா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், ஆகவே அடுத்து ‘க்’ மிகும். மேலாண்மைக்கு முன் மிகாது. கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: காடோம்புநர், காடோம்பல் திட்டம், காடோம்பல் அளவுகோல்கள்.

பட்டியலில் சேர்க்க நான் எழுதியுள்ள பதிவு:

வளங்குன்றாக் காடோம்பல் (பெ.): உயிர்ப்பன்மை, விளைதிறன், மீண்டெழும் ஆற்றல், நலம் ஆகியவையும், சூழல், சமூகம், பொருளாதாரம் சார்ந்து காடு இன்றும் நாளையும் ஆற்றவல்ல பணிகளும் குன்றாத வகையிலும் அளவிலும், பிற சூழல் தொகுதிகளுக்குக் கேடு நேராமல், காட்டையும் காட்டு நிலத்தையும் பேணிப் பயன்கொள்ளுதல். சுருக்கம்: காடோம்பல். ஒப்பிடுக: காடுகளின் வளங்குன்றா மேலாண்மை, நீடித்த விளைச்சல், காடாக்கம்.

மொழிபெயர்ப்பில் ஈடுபட்டிருக்கும் நண்பர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் கையில் இருக்கும் பத்தி ஒன்றில் வைத்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று அந்தப் பத்தியோடு சேர்த்து அனுப்பினால் பேருதவியாக இருக்கும். பழைய நூல்களுக்கான சொல்லடைவில் ‘நிலையான வன மேலாண்மை’யை ‘காண்க’ என்று குறித்து விட்டுவைக்கலாம். தேடி வருபவர்கள் வழிதவறக் கூடாது. ‘காடு நலிவு’ என்ற சொல் இன்னும் முடிவாகவில்லை. அதற்குத் தனி இழை திறக்கிறேன்.

அன்புடன்.