தோட்டத்து வீட்டில் துப்பாக்கி வைக்கலாமா?

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் 2 ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை). காட்டுப்பன்றி கன்றுகளைக் குதறிவிடுகிறது. ராத்திரி ஆபத்து அவசரத்துக்கும் ஆகுமே என்று துப்பாக்கி வாங்க நினைக்கிறேன். எது நல்லது?

பதில்: தம்பி, முதலில் லைசன்ஸ். 1960 ஆயுதச் சட்டப்படி போலீஸ் தர வேண்டும். இல்லாமல் வைத்திருந்தால், துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971 சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. அப்பாவிடம் ஒற்றைக்குழல் ஒன்று இருந்தது. தோட்டாவுக்குத் தோட்டா கணக்கு. மழைக்காலத்தில் துரு துடைத்தே ஞாயிறு போகும். பன்றி என்னவோ வந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொருவர்: 1948இல் இங்கேதான் கம்யூனிஸ்டுகள் வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைச் சுட்டார்கள், பிரிட்டிஷ் அரசின் அவசரகாலச் சட்டம் வந்தது. துப்பாக்கி என்றாலே பாட்டி கதவைச் சாத்துவார்.

கேட்டவர்: சரி அண்ணே, கம்பிவேலி விலை விசாரிக்கிறேன்.