கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் வேலைக்கு உண்மையில எவ்வளவு சம்பளம், ஊருக்கு ஊர் மாறுமா?

வத்தளை_நர்ஸ்:
வணக்கம். நான் கொழும்புல ஒரு பிரைவேட் ஹொஸ்பிட்டல்ல மெடிக்கல் வாட்ல இருக்கிறேன், பிஎஸ்சி நர்சிங் ஓப்பன் யுனிவர்சிட்டில முடிச்சாச்சு. இப்ப ஒரு பிரைவேட் நர்சிங் ஸ்கூல்ல கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டரா (நர்சிங் படிக்கிற பிள்ளைங்களுக்கு வாட்ல நிண்டு வேலை பழக்குறது) வரச் சொல்லி கேக்குறாங்க. பேசிக் 65,000, அலவன்ஸ் எல்லாம் சேத்து 110,000 வருதாம். வாட்ல ஓட்டி (ஓவர்டைம்), நைட் எல்லாம் போட்டா எனக்கு இதவிட கூட வருது, ஆனா நைட் செஞ்சு செஞ்சு உடம்பு முடியல்ல, பிள்ளையும் சின்னன். அமெரிக்காவுல இருக்கிற மச்சாள் சொல்றா அங்க இதே வேலைக்கு வருஷத்துக்கு 80,000 டொலர் வருமாம், நீ என்ன இங்க கிடந்து மாரடிக்கிறாய்னு. உண்மையா? இங்கயும் கொழும்புக்கும் வெளியூருக்கும் வித்தியாசம் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_வாட்_சிஸ்டர்:
தங்கச்சி, 110,000ங்கிறத விடுங்க, பேசிக்க பாருங்க. ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்கட சம்பளத்துல 8 வீதம் வெட்டுவாங்க, அவங்க 12 வீதம் போடோணும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் வேற. நிறைய இடத்துல இத பேசிக்குக்கு மட்டும் தான் கணக்கு பாப்பாங்க. 65,000க்கு 12 வீதம்னா 7,800, முழு 110,000க்கும்னா 13,200. மாசா மாசம் 5,400 ரூபா வித்தியாசம், பத்து வருஷம் போனா எவ்வளவுன்னு நீங்களே கணக்கு போடுங்க. அதால அலவன்ஸ்ல கொஞ்சத்த பேசிக்குக்கு மாத்தி தர சொல்லி கேளுங்க, கேக்காம ஒருத்தரும் தர மாட்டாங்க.

மற்றது ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தன பிள்ளைங்கன்னு கேட்டீங்களா? நான் இருந்த இடத்துல (பேர் வேணாம்) சம்பளம் பரவாயில்ல, ஆனா ஒரே நேரத்துல ரெண்டு வாட்டுல பிள்ளைங்கள விட்டிருவாங்க. இங்க ஒருத்தி கெனியூலா (சேலைன் ஏத்த நரம்புல போடுற ஊசிக் குழாய்) போட போறா, கை நடுங்குது, நீங்க பின்னால நிக்கோணும், அந்த நேரம் பாத்து மத்த வாட்ல ஒருத்தி என்ஜி டியூப் (மூக்கால வயித்துக்கு விடுற குழாய்) போட போறேன்னு கோல் பண்ணுவா. ஏதும் பிழைச்சா வாட் சிஸ்டர் ஏசுறது பிள்ளைக்கு இல்ல, உங்களுக்கு. அது முடிஞ்சு பின்னேரம் வீட்ட போய் பிள்ளைங்கட ப்ரொசீஜர் புக் எல்லாம் பாத்து சைன் வைக்கோணும், அதுக்கு ஒரு சதம் கிடையாது.

விசிட்டிங்கா வரச் சொன்னா இன்னும் யோசிங்க. மணித்தியாலத்துக்கு குடுக்கிற காசு பாக்க நல்லா இருக்கும், ஈபிஎஃப் இல்ல, எக்ஸாம் லீவு மாசத்துல கையில ஒண்டும் வராது.

யாழ்_டியூட்டர்:
நான் கவர்ன்மென்ட் பக்கம். இங்க ஊருக்கு ஊர் வித்தியாசம் எண்டு ஒண்டும் இல்லை, கொழும்பு ட்ரெய்னிங் ஸ்கூல் எண்டாலும் யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு எண்டாலும் ஒரே ஸ்கேல் தான். 2025 பட்ஜெட்ல அரச ஊழியருக்கு ஆகக் குறைஞ்ச பேசிக் 24,250ல இருந்து 40,000 ஆக்கினவை, அதுவும் ஒரேயடியா இல்லை, 2027 வரைக்கும் பிரிச்சு பிரிச்சு தான். எங்கட ஸ்கேலும் அதோட கூடினது. ஆனா வாட்டில நிக்கேக்க வந்த ஓட்டி படிப்பிக்க வந்தா வராது, அங்க தான் அடி விழுறது. பேசிக் கூடினாலும் கையில வாறது குறைஞ்ச மாதிரி தான் இருக்கும்.

கொழும்புக்காரருக்கு ஒரு வசதி, லீவு நாளில பிரைவேட் பக்கம் விசிட்டிங் எடுக்கலாம். எங்களுக்கு அந்தளவுக்கு இடமில்லை. ஆனா வெள்ளவத்தையில ஒரு அனெக்ஸ் எடுத்து இருந்து பாருங்கோ, வாடகையோட அந்த விசிட்டிங் காசு சரி.

லண்டன்_அக்கா:
இங்க இந்த வேலைக்கு ப்ராக்டிஸ் எடியுகேட்டர்னு தான் விளம்பரம் போடுவாங்க, என்எச்எஸ்ல (இங்கத்த அரச சுகாதார சேவை) அநேகமா பேண்ட் 6 இல்லாட்டி 7 (பேண்ட்னா சம்பளப் படி). இங்கிலாந்துல 2025/26க்கு பேண்ட் 6 38,682 பவுண்ஸ்ல தொடங்குது, பேண்ட் 7 47,810ல. ஊர் வித்தியாசம் இங்க எழுத்துலயே இருக்கு, இன்னர் லண்டன்னா பேசிக்குக்கு மேல 20 வீதம், அவுட்டர்னா 15, லண்டன சுத்தி இருக்கிற இடத்துக்கு 5 (மூண்டுக்கும் இவ்வளவு தான்னு ஒரு உச்ச வரம்பும் இருக்கு). லண்டன் வீட்டு வாடகைய பாத்தா அந்த 20 வீதம் எந்த மூலைக்கு! லெஸ்டர் பக்கம் இருக்கிற என்ட பிரெண்ட் என்னவிட குறைய எடுத்து என்னவிட கூட சேக்குறா.

டெக்சஸ்_மாமா:
மகள், உங்கட மச்சாள் சொன்ன 80,000 பொய் இல்ல. நாடு முழுக்க எடுத்தா நர்சிங் படிப்பிக்கிறவங்கட நடுத்தர சம்பளம் அந்த அளவுல தான். ஆனா 2023ல சாதாரண ஆர்என் (பதிவு பெற்ற நர்ஸ்) ஒருத்தர்ட நடுத்தர சம்பளமே 86,070 டொலர்! வாட்ல நிக்கிறவருக்கு கூட, படிப்பிக்கிறவருக்கு குறைய, கிட்டத்தட்ட நீங்க இப்ப முழிக்கிற அதே கதை தான் இங்கயும். ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வேற பெரிய வித்தியாசம், கலிஃபோர்னியால ஆர்என் சராசரி 130,000 டொலருக்கு மேல, சவுத் டகோட்டால 70,000 கிட்ட, படிப்பிக்கிற சம்பளமும் இடத்துக்கு இடம் மாறும். இன்னொண்டு, கிளினிக்கல் மட்டும் செய்ற நிறைய பேர் அட்ஜங்க்ட், அதாவது செமஸ்டர் கணக்கு, ஹெல்த் இன்சூரன்ஸ் அநேகமா கிடைக்காது. முழுநேரம்னா மாஸ்டர்ஸ் கேப்பாங்க. முதல் என்கிளெக்ஸ் (நர்ஸ் லைசென்ஸ் எக்ஸாம்) பாஸ் பண்ணி ஆர்என் ஆகோணும், இங்க வந்த உடனே இன்ஸ்ட்ரக்டர் எண்டு ஒருத்தரும் எடுக்க மாட்டினம்.

வத்தளை_நர்ஸ்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். சிஸ்டர், இன்னைக்கே கோல் பண்ணி கேட்டேன். ஒரு ஆளுக்கு 12 பிள்ளையாம், ரெண்டு வாட் தானாம். பேசிக்க 80,000க்கு மாத்தலாமான்னு கேட்டேன், மனேஜ்மென்ட்டோட கதைச்சிட்டு சொல்றாங்களாம். விசிட்டிங்னா கட்டாயம் வேணாம்னு சொல்லிட்டேன்.

பழைய_வாட்_சிஸ்டர்:
12 பிள்ளை ரெண்டு வாட்ல கஷ்டம். பேசிக்க தராட்டி ஒரு வாட்டாவது ஆக்கி தர சொல்லுங்க. ரெண்டயும் லெட்டர்ல எழுதி தந்த பிறகு ரிசைன் பண்ணுங்க, வாய் வார்த்தைய நம்பி கையில இருக்கிற வேலைய விட்றாதீங்க.