கணவர் பெயரில் உள்ள மனையை விற்க மைனர் பிள்ளைகளுக்காக நான் கையெழுத்துப் போட்டால் போதாதா?

நாமக்கல்காரி:
வணக்கம். என் கணவர் போன வருடம் மாரடைப்பில் தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. 2014ல் அவர் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஒரு மனை அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. பெண்ணுக்கு 11 வயது, பையனுக்கு 7. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். மனை மேல் வாங்கிய பேங்க் கடன் 6 லட்சம் இன்னும் நிற்கிறது, என் சம்பளத்தில் தவணை கட்ட முடியவில்லை. 28 லட்சத்துக்கு ஒரு பார்ட்டி கேட்கிறார்கள். புரோக்கர், "அம்மாதானே கார்டியன், வாரிசு சான்றிதழ் இருக்கு, நீங்களும் மாமியாரும் கையெழுத்துப் போட்டா பத்திரம் முடிஞ்சுது, கோர்ட்டெல்லாம் எதுக்கு" என்கிறார். கணவரின் அண்ணனோ பிள்ளைகளுக்குத் தானே கார்டியனாக இருந்து கையெழுத்துப் போடுகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

கோர்ட்டு குமாஸ்தா:
ரெண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள் அம்மா.

முதலில் பங்கைப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள், மாமியார், ரெண்டு பிள்ளைகள், நாலு பேருக்கும் சம பங்கு. அதாவது மனையில் பாதி பிள்ளைகளுடையது. அப்பா இல்லாததால் நீங்கள் இயற்கைக் காப்பாளர், அதில் புரோக்கர் சொல்வது சரிதான். ஆனால் 1956ஆம் வருட இந்து இளவர் (அதாவது மைனர்) மற்றும் காப்பாளர் சட்டம் பிரிவு 8 என்ன சொல்கிறது என்றால், இயற்கைக் காப்பாளரே ஆனாலும் மைனரின் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ கோர்ட் அனுமதி வேண்டும், அதுவும் விற்பதற்கு முன்பே. ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கே அனுமதி வேண்டும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா கையெழுத்து சுத்தமாகச் செல்லாது. அம்மா உயிரோடு இருக்கும்போது அவர் இயற்கைக் காப்பாளரும் இல்லை, கோர்ட் நியமித்தவரும் இல்லை. அப்படிப்பட்டவர் மைனர் சொத்தைத் தொடவே கூடாது என்று அதே சட்டத்தில் பிரிவு 11 இருக்கிறது.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தாக இருந்தால் கதை வேறு, அங்கே குடும்பத் தலைவர் விற்றால் இந்தப் பிரிவு 8 வராது. உங்கள் கணவர் தானே சம்பாதித்து வாங்கியது என்பதால் உங்களுக்கு வரும்.

வாங்கி மாட்டியவன்:
நான் அந்தப் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், வாங்கியவன். இதே மாதிரி ஒரு அம்மா கையெழுத்துப் போட்ட வீட்டை வாங்கினேன், பத்திரம் பதிந்தது, பட்டா மாறியது, மாடிகூடக் கட்டினேன். பத்து வருடம் கழித்து ஒரு நாள் தபால்காரர் சம்மனைக் கொண்டுவந்து நீட்டுகிறார், வாதி யார் என்று பார்த்தால் அந்தச் சின்னப் பையன், வயது 20! அனுமதி இல்லாமல் விற்றால் பத்திரம் அன்றைக்கே செல்லாமல் போய்விடாது, பிள்ளை மேஜரான பிறகு வேண்டாம் என்று தள்ளலாம், பொதுவாக 18 முடிந்து மூன்று வருடத்துக்குள். அதாவது 21 வயது வரை வாங்கினவனுக்குத் தூக்கம் இருக்காது. உங்கள் பையனுக்கு 7 என்றால் இன்னும் 14 வருடம். கடைசியில் அந்தப் பையனுக்கு மறுபடி பணம் கொடுத்து ராஜி செய்துகொண்டேன், வேறு வழி தெரியவில்லை.

கோர்ட்டு குமாஸ்தா:
அவர் சொல்வதோடு இன்னொன்று. கர்நாடகத்தில் ஒரு அப்பா மைனர் மகன்கள் பெயரில் வாங்கிய மனைகளை அனுமதியில்லாமல் விற்ற வழக்கில், பிள்ளைகள் மேஜரான பிறகு கேஸ் போட்டுத்தான் ரத்து செய்யவேண்டும் என்பதில்லை, தங்கள் நடத்தையாலேயே, உதாரணமாக வேறு ஒருவருக்கு விற்பதன் மூலமே, பழைய விற்பனையைத் தள்ளிவிடலாம் என்று 2025ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விவரம் தெரிந்த பார்ட்டி இனி கோர்ட் ஆர்டர் இல்லாமல் வாங்க மாட்டார்கள்.

ரெண்டு பிள்ளை அம்மா:
அக்கா, நான் இதை முடித்து வந்தவள். மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டேன், சொத்து எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கே போடவேண்டும். இறப்புச் சான்று, வாரிசு சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வழிகாட்டி மதிப்பு, எல்லாம் வைத்தோம். பேப்பரில் விளம்பரம் கொடுக்கச் சொன்னார்கள். ஆர்டர் கைக்கு வர எனக்கு ஏழு மாதம் ஆனது.

கூண்டில் ஏறினபோது கால் நடுங்கிவிட்டது. ஜட்ஜ் அம்மா கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பணத்தில பிள்ளைங்களுக்கு என்ன செய்யப்போறீங்க?" வக்கீல் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோய், ஸ்கூல் பீஸ் ரசீதைப் பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டேன். சட்டத்தில் அவசியம் அல்லது மைனருக்கு வெளிப்படையான நன்மை, ரெண்டில் ஒன்று இருக்கவேண்டுமாம். உங்களுக்கு மனை மேலேயே கடன் இருப்பதால் அதைச் சொல்லலாம். ஸ்டேட்மெண்டும் நோட்டீஸ் வந்திருந்தால் அதுவும் வையுங்கள்.

ஆனால் ஒன்று, 28 லட்சமும் கைக்கு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். கடன் போக 22, அதில் பிள்ளைகள் பங்கு 11 லட்சம். எனக்குப் பிள்ளைகள் பங்கை அரசு வங்கியில் அவர்கள் பெயரில் 18 வயது வரை எஃப்.டி. போடச் சொல்லி, வட்டியை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க விட்டார்கள். முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சொந்தக்காரர்கள் கைமாத்து கேட்டு வந்தபோது, "கோர்ட்டில் கிடக்கிறது" என்று சொல்ல வசதியாகப் போய்விட்டது.

நாமக்கல்காரி:
எல்லோருக்கும் நன்றி. பார்ட்டி ஏற்கனவே 2 லட்சம் அட்வான்ஸ் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா? மாமியார் தன் பங்கை எனக்கே விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன் என்கிறார், அதற்கும் கோர்ட் வேண்டுமா?

கோர்ட்டு குமாஸ்தா:
மாமியார் மேஜர், அவர் பங்கை அவர் இஷ்டப்படி எழுதலாம், கோர்ட் வேண்டாம். பிள்ளைகள் பங்கை அப்படி விடுதலை எழுதிவிடலாம் என்று யாராவது கிளப்பினால் மட்டும் நம்பாதீர்கள். அட்வான்ஸ் 2 லட்சம் வேண்டாம். அனுமதி கிடைக்காவிட்டால் வட்டியில்லாமல் திருப்பித் தருவேன் என்று எழுதி, சின்ன டோக்கன் தொகை வாங்கினால் போதும். பார்ட்டி காத்திருக்க மாட்டேன் என்றால் போகட்டும். அப்புறம் பேங்குக்குப் போய், கோர்ட்டில் மனு போடப்போகிறோம், ஏலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று இந்த வாரமே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.