'மில்க்' படம்: பார்த்தவர்கள் சொல்வது

பலரும் இந்தப் படத்தை ஒரு தியாகியின் கதையாகவே பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதில் வரும் தேர்தல் வேலை. கஸ் வான் சான்ட் இயக்கி 2008இல் வந்த படம். ஷான் பென் நடித்திருக்கும் ஹார்வி மில்க், சான் பிரான்சிஸ்கோவில் கேமரா கடை வைத்திருந்தவர். 1973, 1975ஆம் ஆண்டுகளில் நகர அவைக்கும், 1976இல் மாநிலச் சட்டமன்றத்துக்கும் நின்று மூன்று முறையும் தோற்றார். பிறகு நகரம் முழுவதும் ஓட்டுக் கேட்கும் முறை போய் வார்டு முறை வந்தது. 1977இல் ஜெயித்தார். தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல் நின்று வென்றார் என்பது வரலாறு. வார்டு எல்லை அவருக்கு என்ன செய்தது என்பது அரசியல். லாரி ஓட்டுநர் சங்கம் கேட்டுக்கொண்டதும் காஸ்ட்ரோ பகுதி மதுக்கடைகளில் கூர்ஸ் பீரை நிறுத்தவைத்தாரே, அந்தக் கட்டத்தில் நம் ஊர் வட்டச் செயலாளர் ஒருவரைப் பார்ப்பது போலவே இருந்தது. நாய்க் கழிவை வளர்ப்பவரே அள்ள வேண்டும் என்ற சட்டத்துக்காகக் கேமராக்கள் முன் தானே போய் மிதித்துக் காட்டியவர் அவர். சாமர்த்தியசாலி!

*

மேலே எழுதிய நண்பருக்கு: நான் வேலை பார்ப்பது அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். படம் பார்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காஸ்ட்ரோ தெரு 575ஆம் எண்ணைத் தேடிப் போனேன். மில்க்கின் கடை இருந்த இடம் அதுதான். படப்பிடிப்பும் அங்கேயே நடந்தது. நடைபாதையில் நின்று நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு முதியவர், "சினிமா பார்த்துவிட்டு வந்தீர்களா?" என்று கேட்டார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "நல்ல படம்தான். ஆனால் அதில் எல்லோரும் அழகாக இருக்கிறார்கள். நாங்கள் அப்படி இருக்கவில்லை" என்று சிரித்தார்.

1978இல் அவர் பணிக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்த ஆண்டுதான் ஜான் பிரிக்ஸ் என்ற மாநில செனட்டர் 'ஆறாம் முன்மொழிவை' வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தார். பொதுப் பள்ளிகளில் தன்பாலீர்ப்பு ஆசிரியர்களை வேலையை விட்டு நீக்க வழி செய்யும் முன்மொழிவு அது. படத்தில் வேகமாகக் கடந்துபோகும் ஒன்றை அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: தன்பாலீர்ப்பை வெளிப்படையாக ஆதரித்துப் பேசினாலே, பேசியவர் யாராக இருந்தாலும், வேலை போகலாம். அதனால் உடன் வேலை பார்த்த, மணமாகிப் பிள்ளைகள் பெற்ற ஆசிரியைகள்கூட அவரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட யோசித்தார்களாம். "வீட்டில் சொல்லுங்கள், நண்பர்களிடம் சொல்லுங்கள் என்று ஹார்வி கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார். கேட்க நன்றாக இருந்தது. என் அம்மாவிடம் சொன்னது நான்தானே, அவர் இல்லையே" என்றார். அம்மா என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த முன்மொழிவை முன்னாள் ஆளுநர் ரொனால்டு ரேகனே எதிர்த்தார். அதைச் சொல்லும்போது பெரியவர் முகத்தில் இன்னும் வியப்பு இருந்தது. நவம்பர் 7 அன்று பத்து லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்தில் அது தோற்றது. சரியாக இருபது நாளில், நகர மன்றத்திலேயே மில்க்கும் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றிரவு நடந்த மெழுகுவர்த்தி ஊர்வலத்தில் தானும் நடந்ததாகச் சொன்னார். அதற்கு மேல் பேசவில்லை; பஸ் வந்துவிட்டது.

*

எனக்குப் படத்தோடு ஒரு சண்டை உண்டு. சுட்டவர் டான் வைட், மில்க்கோடு அதே அவையில் உட்கார்ந்தவர். பதவியை ராஜினாமா செய்துவிட்டுத் திரும்பக் கேட்டார், கிடைக்கவில்லை. படமோ, அவரும் உள்ளுக்குள் மில்க்கைப் போன்றவர்தானோ என்று மில்க்கையே சந்தேகப்பட வைக்கிறது. எதற்கு இந்த ஊகம்? அவருக்குக் கிடைத்தது ஏழு ஆண்டு எட்டு மாதத் தண்டனைதான். அந்தத் தீர்ப்பு வந்த 1979 மே 21 இரவில் நகர மன்றத்தின் முன் போலீஸ் கார்கள் எரிந்தன. இவ்வளவு பெரிய விஷயத்தைப் படம் கடைசியில் எழுத்தில் போட்டு முடித்துவிடுகிறது.

மில்க்கைப் பற்றி ராப் எப்ஸ்டீன் எடுத்த 1984ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் அந்த இரவு இருக்கிறது. முதலில் எழுதிய நண்பர் அதை அவசியம் பார்க்க வேண்டும். அதில் ஒரு தொழிற்சங்கக்காரர் வருகிறார். மில்க்கை ஆதரிக்கச் சொன்னபோது சங்கத் தோழர்களிடம் இதை எப்படிப் போய்ச் சொல்வது என்று தான் விழித்ததை அவரே விவரிக்கிறார். ஷான் பென்னுக்கு ஆஸ்கர் கிடைத்தது நியாயம்தான். இருந்தாலும் என் ஓட்டு அந்தச் சங்கக்காரருக்கே.