நெல் பாசன ஆய்வு முடிவை அரசாணை வரை கொண்டுபோவது எப்படி?

வரப்பு:
வணக்கம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டு, நெல்லுக்குத் தண்ணீர் கட்டும் முறையில் மூன்று பருவச் சோதனை முடிவுகள் தயார். தண்ணீர் மிச்சம், நீர் நிற்கும் வயலிலிருந்து கிளம்பிப் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு குறைவு, விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை. நீண்ட அறிக்கையாகப் பாசனத் துறையிடம் கொடுத்தால் அலமாரிக்குத்தான் போகும். எந்த வடிவில், யாரிடம், எப்போது கொடுப்பது?

மடைவாய்:
எழுத உட்காரும் முன், இதைப் படிப்பவர் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். "நீர்ச் சிக்கனத்தை ஊக்குவிக்க வேண்டும்" என்றால் யாருக்கும் வேலை இல்லை. "இந்தக் கால்வாயில் எந்தத் தேதியில் யாருக்குத் தண்ணீர் என்ற முறைப் பட்டியலை இப்படி மாற்ற வேண்டும், அதிகாரம் இந்தப் பொறியாளருக்கு" என்றால் கோப்பு நகரும். இரண்டு பக்கம் போதும்: கோரிக்கை, செலவு, பிறகு ஆதாரம். சராசரியோடு, விளைச்சல் குறைந்த வயல்களையும் காட்டுங்கள். அதை மறைத்தால் முதல் கூட்டத்திலேயே நம்பிக்கை போய்விடும். துறை அடுத்த ஆண்டுக்கான செலவு மதிப்பீட்டை அனுப்புவதற்கு முன்பே குறிப்பு போய்ச் சேர வேண்டும், பிந்தினால் ஒரு வருடம் காத்திருப்புதான்.

களிமண்:
மடைவாய் சொன்னது சரி, ஆனால் கோரிக்கையே தவறாக அமைந்துவிடும் ஆபத்து உண்டு. பலர் "வயலில் நீர்மட்டம் பார்க்கும் குழாய் கொடுங்கள்" என்று கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். குழாய் எளிது: 30 செ.மீ நீளம், 10–15 செ.மீ விட்டம், சுற்றிலும் துளைகள். பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. உள்ளே அடைந்த மண்ணை அள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் அளவு பொய் சொல்லும். தண்ணீர் மண்மட்டத்துக்கு 15 செ.மீ கீழே போனதும் 5 செ.மீ உயரத்துக்குக் கட்டலாம். நட்ட முதல் இரண்டு வாரம் களைக்காகத் தண்ணீர் நிற்கட்டும். பூக்கும் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை காயவிடவே கூடாது, பதர் விழும்.

இடறல் வேறு இடத்தில். தண்ணீர்க் கட்டணம் பரப்புக் கணக்கில் இருந்தால், மிச்சம் பிடித்தவருக்குக் காசு மிஞ்சாது. டீசல் போட்டு இறைப்பவருக்கு மிஞ்சும். கால்வாயில் அடுத்த முறை என்று வரும் என்று தெரியாதவர் வயலைக் காயவிட மாட்டார், அது நியாயமான பயம். ஆக, கேட்க வேண்டியது முறைத் தண்ணீரின் தேதிக்கு உத்தரவாதம்.

இன்னொன்று, மீத்தேனை மட்டும் காட்டாதீர்கள். நனைந்து காயும் மண்ணில் புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் அதன் ஒரு கிலோ சுமார் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மீத்தேன் சுமார் 27தான். யூரியாவைக் காய்ந்த மண்ணில் இட்டு உடனே தண்ணீர் கட்டச் சொல்லும் வரியும் குறிப்பில் இருக்கட்டும்.

வரப்பு:
மிக்க நன்றி, கோரிக்கையையே மாற்றி எழுதுகிறேன். ஆணை வந்தபின் புதிய தரவு கிடைத்தால் எப்படி நுழைப்பது?

மடைவாய்:
ஆணைக்குள்ளேயே மறுஆய்வுத் தேதியை எழுதிவிடுங்கள். இதற்கு ஓர் உதாரணம்: ஓசோன் படலத்துக்கான மான்ட்ரியல் உடன்படிக்கை 1987-இல் அந்தப் படலத்தை அரிக்கும் குளோரோபுளோரோகார்பன் வாயுக்களைப் பாதியாகக் குறைக்கத்தான் சொன்னது. குறைந்தது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அறிவியல் மதிப்பீடு என்ற விதி அதிலேயே இருந்தது. 1990-இல் லண்டனில் அது முழு ஒழிப்பாக இறுகியது. உங்களுக்கு இரண்டு பருவத்துக்கு ஒருமுறை போதும். யார் அளப்பது, யார் செலவு என்பதையும் அதே பத்தியில் சேருங்கள். பெயர் போடாத பொறுப்பை யாரும் எடுக்க மாட்டார்கள்.