திட்டம் குலைந்தபின் முடிவெடுக்கும் திறன் பயிற்சியால் வருமா?

டர்பன் வாசகர்:
வணக்கம். என் தங்கை மகன் ராணுவ அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்திருக்கிறான். திட்டம் தீட்டுவதை நன்றாகக் கற்றுக்கொடுக்கிறார்களாம்; அது களத்தில் குலைந்துபோனால் என்ன செய்வது என்பதுதான் அவனுடைய கவலை. சமயோசிதம் பிறவிக் குணமா, பழகி வருவதா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

லேடிஸ்மித்காரர்:
அவனை ஒருமுறை ஸ்பியன் காப் மலைக்கு அழைத்துச் செல்லுங்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரும் போயர்களும் (டச்சு வழிவந்த குடியேறிகள்) மோதிய போரில், 1900 ஜனவரி 23 இரவு அங்கே ஏறிய பிரிட்டிஷ் படையினர், இருட்டிலும் மூடுபனியிலும் கல்பாங்கான நிலத்தில் ஆழமில்லாத பதுங்குகுழியொன்றை வெட்டினர். காலையில் பனி விலகியபோதுதான் மலையின் உண்மையான விளிம்பு இன்னும் முன்னால் இருப்பது தெரிந்தது. தளபதி உட்கேட் படுகாயமடைந்த பின்பு தார்னிகிராஃப்ட் என்ற அதிகாரியைத் தலைமையேற்கச் சொன்னார்கள், ஆனால் மலையிலிருந்த மூத்த அதிகாரிகள் சிலருக்கே அச்செய்தி எட்டவில்லை. அன்றிரவு அவர் படையை இறக்கிவிட்டார். போயர்களிலும் பெரும்பாலோர் அப்போது மலையைவிட்டு விலகியிருந்தனர். அந்தப் பதுங்குகுழியே மாண்டவர்களின் புதைகுழியானது; வெள்ளையடித்த கற்கள் அதன் நீளத்தை இன்றும் காட்டுகின்றன. காயம்பட்டவர்களைச் சுமந்துசென்றவர்களில் காந்தி திரட்டிய, ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட இந்திய ஆம்புலன்ஸ் படையினரும் உண்டு. அவர்களில் பலர் நம் முன்னோரைப் போன்ற ஒப்பந்தக் கூலிகள். அங்கே வீரத்துக்குக் குறைவில்லை. அந்த மலை எதற்காக வேண்டும், கைப்பற்றியபின் என்ன செய்வது என்பதை எவருக்கும் தெளிவாகச் சொல்லவில்லை. நோக்கம் தெரியாதவனால் வழியை மாற்ற இயலாது.

பீட்டர்மரிட்ஸ்பர்க் ஆசிரியர்:
1806இல் நெப்போலியனிடம் தோற்ற பிரஷ்யா கற்றுக்கொண்டதும் இதுவே. பின்னாளில் பிரஷ்யப் படைத்தலைவர் மோல்ட்கே, நோக்கத்தைச் சொல்லி வழியைக் கீழுள்ள அதிகாரியிடம் விடும் முறையை வளர்த்தார். அதற்குப் பயிற்சி தேவை: ஒத்திகையின் நடுவே தலைவரை விலக்கிவிட வேண்டும், ரேடியோவைத் துண்டிக்க வேண்டும், தவறான செய்தியை அனுப்ப வேண்டும். முடிந்தபின் எல்லோரும் உட்கார்ந்து, "ஏன் அப்படி முடிவெடுத்தாய்?" என்று கேட்க வேண்டும். தவறிய முடிவுக்கு மதிப்பெண் வெட்டினால் அடுத்தமுறை எவனும் முடிவெடுக்க மாட்டான்.

லேடிஸ்மித்காரர்:
ஒன்று சேர்க்கிறேன். 1899 டிசம்பர் 15 அன்று அதே போரில் கொலென்சோவில் பிரிட்டிஷ் தளபதி ஹார்ட் தம் படையணியை நெருக்கமான வரிசையில் நடத்தி, துகேலா ஆற்றின் வளைவுக்குள் சிக்கவைத்தார். 500க்கு மேற்பட்டோர் மாண்டோ காயமுற்றோ விழுந்தனர். சரியாக 74 நாட்கள் கழித்து, நேட்டாலில் போரிட்ட அதே பிரிட்டிஷ் படை பீட்டர்ஸ் குன்றில் முன்னேறும் காலாட்படையின் தலைக்கு மேலாகப் பீரங்கிகளைச் சுடவைத்து வென்றது. ஆட்கள் மாறவில்லை, பழக்கம் மாறியது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம்; அதைப் பயிற்சிக்களத்திலேயே கொடுத்துவிடலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

டர்பன் வாசகர்:
இருவருக்கும் நன்றி. விடுமுறைக்கு வந்ததும் முதலில் மலைக்கு அழைத்துப் போகிறேன். பனி மூடும் விடியற்காலையிலேயே ஏறினால் அவனுக்கு நன்றாகப் புரியும் என்று நினைக்கிறேன்.